தொட்டபெட்டா உயரத்துக்குக் கடலில் ஆழம் சேர்க்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்து ஸ்கூபா குழு, 24 பேர். எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காது கேட்கும் கருவி வாங்கப் பணம் திரட்டுகிறீர்கள். புதுச்சேரி கடலில் மூன்று நாள் டைவ் செய்து, ஒவ்வொருவரும் இறங்கிய ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போய், தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரை எட்ட வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடையாளர்கள் தருவார்கள். முடிந்த அன்றைக்கே வண்டி ஏறி, மறுநாள் காலை தொட்டபெட்டா உச்சியில் பேனரோடு போட்டோ. கடைசி டைவை மட்டும் ஊட்டிப் பக்கத்து எமரால்டு அணையில் வைத்தால் ஊர்க்காரர்களும் பார்க்கலாமே என்று இன்னொரு யோசனை. "ஆளுக்கு 30 மீட்டர் போனால் சீக்கிரம் முடிந்துவிடுமே, அதில் ஆபத்து உண்டா?" என்பது உங்கள் கேள்வி. எனக்குப் பட்டவரை இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்படிக் கூட்டிக் கணக்குப் போடுவதால் யாராவது தன் எல்லையைத் தாண்டிப் போய்விடுவாரா என்பது ஒன்று. முடித்துவிட்டு எப்போது மலையேறலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதை நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதில்தான் கவலை அதிகம்.

நானும் கோத்தகிரிக்காரன்தான். கிழக்குக் கடற்கரையிலும் அந்தமானிலும் பல வருடம் ஸ்கூபா சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் உடம்பைப் பற்றி நான் சொல்லும் இடங்களில், டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 24 பேர், மூன்று நாள், நாளுக்கு இரண்டு டைவ் என்றால் மொத்தம் 144 டைவ். 2,637-ஐ 144-ஆல் வகுத்தால் 18.3 மீட்டர். ஒருவர் விடாமல், ஒரு டைவ் விடாமல், சராசரியாக 18 மீட்டருக்கு மேல் போனால்தான் கணக்கு நேராகும். உங்கள் குழுவில் பாதிப்பேர் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சி மட்டும் முடித்தவர்கள் என்கிறீர்கள். அந்தச் சான்றிதழுக்கு எல்லையே 18 மீட்டர்தான். ஒருவருக்குச் சளி பிடித்தாலோ, ஒரு நாள் கடல் கொந்தளித்தாலோ, அந்தக் குறையை மற்றவர்கள் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட இருக்கிற ஒரே வழி இன்னும் ஆழம் போவது. 30 மீட்டர் யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? யாரும் சாகசத்துக்காகச் சொன்னதில்லை. திட்டத்தின் கணக்கே உங்களை அங்கே தள்ளுகிறது.

30 மீட்டர் என்பது அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தவர்களுக்குத் தடை செய்யப்பட்ட ஆழம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. சிலிண்டர் காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். உடம்பில் நைட்ரஜன் ஏறும் வேகமும் கூடும். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி, நைட்ரஜன் வெளியேறுவதற்காக நடுவில் நிறுத்தம் எதுவும் இல்லாமல் மேலே வரக்கூடிய முதல் டைவின் நேரம் 12 மீட்டரில் 147 நிமிடம், 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம். அதோடு அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் பலருக்குத் தொடங்கிவிடும். சிலருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும், சிலருக்குப் பயம் வரும், பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாது, ஆழம் காட்டும் கருவியைப் பார்ப்பார்கள், ஆனால் படித்தது மண்டையில் ஏறாது. அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம் நிதானம் எதிர்பார்த்துப் பயனில்லை. இதெல்லாம் நன்றாகத் தெரிந்த விஷயங்கள், சந்தேகத்துக்கு இடம் இல்லை.

கூட்டுவதில் எந்த ஆபத்தும் இல்லை. வெளிநாட்டுக் கிளப்புகள் இப்படி ஆழங்களைக் கூட்டி மரியானா பள்ளத்தின் ஆழத்தை, அதாவது ஏறத்தாழ 10,900 மீட்டரை எட்டுவது உண்டு. பத்துப் பேர் பத்து மீட்டர் போனால் தாளில் நூறு மீட்டர். ஆனால் ஒருவர் உடம்பிலும் நூறு மீட்டர் அழுத்தம் ஏறவில்லை. எதை எண்ணுகிறோமோ அதை மனிதர்கள் அதிகமாகச் செய்வார்கள், சிக்கல் அங்கேதான். ஆழத்தை எண்ணினால் ஆழம் போவார்கள். ஒரே டைவில் எத்தனை முறை இறங்கினாலும் எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மீட்டர் சேர்ப்பார்கள். இந்தப் பின்னது ஆழத்தைவிட மோசம். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மேலே வரும்போது மூச்சை அடக்கினால், ஒன்றரை மீட்டர்கூட வேண்டாம், அதற்குள்ளேயே நுரையீரல் கிழியலாம். இது நீச்சல்குளத்திலும் நடக்கக்கூடியது. ஆகவே எண்ணும் முறையை முதலில் சரிசெய்யுங்கள்.

என் யோசனை இது. ஒரு டைவுக்கு ஒரே எண், அந்த டைவின் அதிகபட்ச ஆழம். எல்லாருக்கும் பொது உச்சவரம்பு 12 மீட்டர். 40 மீட்டர் வரை தகுதி உள்ள உங்கள் சீனியரும் 12, போன மாதம் சான்றிதழ் வாங்கிய பையனும் 12. யாராவது 12-ஐத் தாண்டினால் அந்த டைவுக்குப் பூஜ்யம், சும்மா 12 என்று வெட்டிக் கொடுக்கக் கூடாது. இது கறாராகத் தெரியும். ஆனால் பூஜ்யம் என்று வைத்தால்தான் "கொஞ்சம் தாண்டிவிட்டேன், பரவாயில்லை, எப்படியும் 12 கிடைக்கும்" என்ற பேச்சு நின்றுபோகும். நாளுக்கு இரண்டு டைவ், அதற்கு மேல் செய்தால் எண்ணப்படாது. ஆழத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கும் கைக்கருவியான டைவ் கம்ப்யூட்டரில் பதிவானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வாயால் சொன்னது வேண்டாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறியதாகக் கம்ப்யூட்டர் எச்சரித்திருந்தாலோ, 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தை விட்டிருந்தாலோ, அதற்கும் பூஜ்யம்.

அப்படிச் செய்தால் 2,637 மீட்டருக்கு 220 டைவ் வேண்டும். மூன்று நாளில் 144 டைவ்தான் கிடைக்கும், ஆகவே இரண்டு பயணமாகப் பிரியுங்கள். இரண்டு முறை மூன்று மூன்று நாள் என்றால் 288 டைவுக்கு இடம் இருக்கிறது, தேவை 220. மிச்சம் இருக்கும் 68 டைவ்தான் உங்கள் பாதுகாப்பு. ஒருவர் "இன்றைக்கு எனக்கு வேண்டாம்" என்று படகிலேயே உட்கார்ந்திருக்கலாம், கணக்கு இடிக்காது. ஒரே பயணம்தான் முடியும் என்றால் இலக்கை மாற்றுங்கள். நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி ஊட்டியில் 2,203 மீட்டரில் நிற்கிறது. ஏற்றம் 1,877 மீட்டர். 12 மீட்டர் வீதம் 157 டைவ். ஏழு பேரைக் கூடச் சேர்த்துக்கொண்டால் ஒரு பயணத்தில் முடியும். கொஞ்சம் உபரியும் இருக்கும். எனக்கு இந்த இலக்குதான் பிடித்திருக்கிறது. கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக "இன்றைக்கு வண்டி இங்கே வந்துவிட்டது" என்று நன்கொடையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லலாம். தொட்டபெட்டா என்ற ஒற்றை எண்ணைவிட மக்கள் இதைத்தான் தினமும் எடுத்துப் பார்ப்பார்கள்.

தர்மக் காரியத்துக்கு டைவ் செய்யும்போது வருகிற இன்னொரு விஷயத்தை அட்டவணைகளில் பார்க்க முடியாது. ஸ்கூபாவில் அடிப்படையான ஒரு வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. நல்ல காரியம் என்று பேனர் கட்டிவிட்டால் இந்த வழக்கம் ஆட்டம் காண்கிறது. இதே மாதிரி நன்கொடைக் குழு ஒன்றோடு நான் படகில் இருந்தபோது, மேற்கு மலையிலிருந்து வந்த ஒருவருக்குச் சளி. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு மீட்டரில் நின்றுவிட்டார். மூக்கைப் பிடித்து ஊதுகிறார், தலையை ஆட்டுகிறார், ஒரு மீட்டர் மேலே வருகிறார், மறுபடி இறங்குகிறார். காது திறக்கவில்லை. ஏறுங்கள் என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவர் கீழே இருந்த தன் குழுவைக் கையால் காட்டினார். "அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்" என்பது அதன் அர்த்தம். மேலே கூட்டிவந்து முகமூடியைக் கழற்றினால் மூக்குப் பக்கம் முழுக்க ரத்தமும் சளியும். நல்லவேளை, சைனஸ்தான், செவிப்பறை கிழியவில்லை. காது கேட்காத பிள்ளைகளுக்காகப் போய்த் தன் காதைக் கெடுத்துக்கொள்வதில் என்ன புண்ணியம்? உங்கள் குழுவில் தினமும் ஒருவர் முறை வைத்து டைவ் செய்யாமல் படகில் இருந்து கணக்கு எழுதட்டும். சளி பிடித்தவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் அவருக்கும் கூச்சம் இருக்காது.

சரி, மலைப்பாதைக்கு வருவோம். டைவ் செய்யும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது, முழுதாகப் போக மணிக்கணக்கில் ஆகும். அது போய்முடிவதற்குள் வெளிக் காற்றழுத்தம் குறைந்தால், கரைந்திருப்பது குமிழியாக மாறும், ஏற்கெனவே இருக்கிற சின்னக் குமிழிகளும் பெரிதாகும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் பலூனாக உப்புவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உடம்புக்குள் இருக்கும் குமிழிக்கும் அதேதான் நடக்கும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 76 சதவீதம். அப்படியென்றால் ஒரு குமிழி முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே பெரிதாகும். தொட்டபெட்டாவில் அழுத்தம் 72 சதவீதத்துக்கு வந்துவிடும்.

டைவ் செய்துவிட்டு விமானம் ஏறக் கூடாது என்பது உங்கள் எல்லாருக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம், நிறுத்தம் தேவைப்பட்ட ஆழ டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம். இவை 2002-இல் நிபுணர்கள் கூடி வகுத்தவை. இந்த விதி எந்த உயரத்துக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 8,000 அடி, அதாவது 2,438 மீட்டர் உயரத்துக்குச் சமமான நிலைக்குக் கீழே போகாமல் வைத்திருப்பார்கள். விதி சொல்வது 2,000 அடியிலிருந்து அந்த 8,000 அடி வரைக்குத்தான். ஊட்டி 2,200 மீட்டருக்குமேல். ஆகவே ஊட்டியில் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பதும் பறக்கிற விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் உடம்பிலுள்ள நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தொட்டபெட்டா 8,650 அடி. விமானத்துக்குள் இருப்பதைவிட அங்கே அழுத்தம் குறைவு. அந்த 18 மணி நேர விதி தொட்டபெட்டா உச்சிக்குப் பொருந்தவே பொருந்தாது, அந்த எல்லையைத் தாண்டிய இடம் அது.

இப்போது உங்கள் பயணத் திட்டத்தைப் பாருங்கள். கடைசி நாள் இரண்டாவது டைவ் முடிந்து படகு ஏறும்போது மதியம் இரண்டு மணி. சாமான் கழுவி, சாப்பிட்டு, நாலு மணிக்குக் கிளம்பினால் விழுப்புரம், சேலம், கோவை வழியாக மேட்டுப்பாளையம் வர விடிகாலை இரண்டு ஆகிவிடும். கல்லாறு தாண்டி பர்லியாறு வருவதற்குள் 600 மீட்டரைக் கடந்துவிடுவீர்கள். மூன்று நாள் தொடர்ந்து டைவ் செய்த உடம்போடு, 12, 13 மணி நேரத்தில் விமான உயரத்துக்கு ஏறுகிறீர்கள். விமான நிலையத்தில் யாராவது இப்படிச் செய்யப்போனால் நீங்களே தடுத்து நிறுத்துவீர்கள். நம் ஊர் பஸ் என்பதால் தோன்றுவதில்லை. ஒரு நல்ல செய்தி, அந்த வழியில் கோவை வரை பயமில்லை, கோவையே 411 மீட்டர்தான். ஆகவே கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இரவு தங்குங்கள். கடைசி டைவ் முடிந்து 24 மணி நேரம் ஆகாமல் கல்லாறு தாண்ட வேண்டாம். இன்னும் நல்லது, கடைசி நாளைக் காலையில் ஒரே டைவோடு முடித்துக்கொள்வது. தொட்டபெட்டா போட்டோவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். குறைந்தது 48 மணி நேரம் என்பது என் சொந்த அளவு, விதிப் புத்தகத்தில் இருப்பது இல்லை. கொடைக்கானல் நண்பர்கள் யாராவது சேர்ந்தால் அவர்களுக்கும் இதேதான், வத்தலக்குண்டில் தங்கிவிட்டு ஏறட்டும். அடுத்த வருடம் முருடேஸ்வரர் பக்கம் நேத்ராணி தீவுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து மைசூரு வழியாகத் திரும்பினால் கடற்கரையை விட்ட கொஞ்ச நேரத்திலேயே மலையேற்றம் தொடங்கிவிடும், மைசூருவே 700 மீட்டருக்கு மேல். அந்தப் பயணத்துக்குத் தங்கல் கடற்கரையிலேயே இருக்க வேண்டும்.

இந்த மணிக்கணக்குகள் எவ்வளவு உறுதியானவை என்றும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம், குமிழி, இவை பௌதிகம், அதில் வாதம் இல்லை. ஆனால் 12, 18 என்ற எண்கள் மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த முக்கியமான சோதனைகளில் ஆட்கள் தண்ணீரில் இறங்கவில்லை. உலர்ந்த அழுத்த அறைக்குள் ஓய்வாக இருந்தார்கள். குளிரில் நீந்தி, சிலிண்டர் தூக்கி, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்த எண்கள் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். அந்த நேரத்தைக் காத்தால் ஆபத்து குறையும், பூஜ்யம் ஆகாது. பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாத ஒரு சின்ன வழி இருக்கும். அதன் வழியே குமிழி நுரையீரலில் வடிகட்டப்படாமல் தமனிப் பக்கம் போய்விடலாம். அது தனக்கு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆழமான டைவை முதலில் செய்ய வேண்டும் என்ற பழைய விதியும் இப்போது அவ்வளவு கறாராக இல்லை. 1999-இல் நடந்த ஒரு நிபுணர் கூட்டத்தில், நிறுத்தம் தேவைப்படாத, 40 மீட்டருக்குள்ளான டைவ்களில், இரண்டுக்கும் இடையே ஆழ வித்தியாசம் 12 மீட்டருக்குள் இருந்தால் ஆழம் குறைந்ததை முதலில் செய்வதைத் தடுக்கக் காரணம் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். எல்லாரும் 12 மீட்டருக்குள் என்றால் உங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

நடுவில் ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது என்பதால். எவ்வளவு நேரம் எடுத்து மேலே வர வேண்டும் என்ற டீகம்ப்ரஷன் கணக்கை முதன்முதலில் முறையாக வகுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தவர். அவருடைய ஆய்வு வெளியானது 1908-இல். நம் மலை ரயில் ஊட்டியைத் தொட்டதும் அதே 1908-இல்தான்.

மலையேறும்போது இந்தக் குமிழிகளால் உடம்பில் என்ன நடந்தால் கவனிக்க வேண்டும்? தோள், முழங்கை, முழங்காலில் ஆழமான குடைச்சல். அளவுக்கு மீறிய அசதி. தோலில் செந்தடிப்பு, அரிப்பு. கை கால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் போகாமை. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதில் பாதி, ராத்திரி பஸ்ஸில் வளைந்து வளைந்து வந்தால் சாதாரணமாகவே வருகிற அலுப்பு மாதிரி இருக்கும். "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும், குளிர் வேறு" என்று போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளிப்பவர்களில் பலர் மூட்டுக் குடைச்சலைத் தொழிலோடு வந்த வலி என்று வருடக்கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமை நமக்கு வேண்டாம். மலைப்பாதையில் இப்படி ஏதாவது தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குங்கள். சமமாகப் படுக்கவைத்து, சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாக "சிலிண்டர் வைத்துக் கடலில் டைவ் செய்தவர், இத்தனை மணிக்கு மேலே வந்தார்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தோன்ற வாய்ப்பு குறைவு. இதற்கான சிகிச்சை அழுத்த அறைக்குள் ஆக்ஸிஜன் கொடுப்பது, ஒரு அமர்வு ஐந்து மணி நேரத்தை ஒட்டிப் போகும். எந்த ஆஸ்பத்திரியில் அந்த அறை இயங்குகிறது, ராத்திரியில் எடுப்பார்களா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படகிலும் வேனிலும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் முகமூடியும் இருக்க வேண்டும். இதை மட்டும் செலவென்று பார்க்காதீர்கள்.

எமரால்டு யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அனுமதி ஒரு பக்கம். அது மின்வாரியத்தின் அணை, சுற்றிலும் காடு, மின்வாரியம், வனத்துறை இரண்டிடமும் எழுத்தில் அனுமதி இல்லாமல் கால் நனைக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் நான் இறங்கமாட்டேன். எமரால்டும் சேர்ந்த குந்தா மின் திட்டத்து அணைகள் சுரங்கக் குழாய் வழியே மின் நிலையங்களுக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. தண்ணீர் உள்ளே போகும் வாயின் பக்கத்தில் உறிஞ்சும் விசை எவ்வளவு என்பதை மேலே நின்று பார்த்தால் தெரியாது. அதில் சிக்கிய டைவரைக் கையால் இழுத்து மீட்க முடியாது. அணைகளில் வேலை செய்யும் தொழில்முறை டைவர்களே மதகை மூடிப் பூட்டிய பிறகுதான் இறங்குவார்கள். அதோடு உயரம். அந்த அணை 2,000 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே 18 மீட்டர் இறங்குவது, கடல்மட்டத்துக்காக எழுதிய அட்டவணையில் ஏறத்தாழ 22, 23 மீட்டருக்குச் சமம். ஆழம் காட்டும் பழைய ஊசிக் கருவிகள் அங்கே இரண்டு மீட்டர் குறைத்துக் காட்டும். சில டைவ் கம்ப்யூட்டர்கள் உயரத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும், சிலவற்றில் நாம்தான் மாற்ற வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அதன் கையேட்டைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் மலை ஏரிகளில் டைவ் செய்வதற்காகவே சூரிச்சின் டாக்டர் பூல்மன் தனிக் கணக்கு வகுத்தார், இன்றைக்குப் பல கம்ப்யூட்டர்களுக்குள் ஓடுவது அதிலிருந்து வந்ததுதான். மலை ஏரியில் டைவ் செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், நன்கொடை விழாவோடு சேர்த்து முதல்முறையாகச் செய்யக் கூடாது. அதுவும் மூன்று நாள் கடல் டைவ் முடித்து மலையேறிய மறுநாள்.

ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்பது நல்ல ஆசைதான். கோவையில் ஆழமான நீச்சல்குளம் ஒன்றை அரைநாள் எடுத்து, பிள்ளைகளுக்குத் தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றுக்கொடுங்கள். அந்த ஆழத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்குவதையும் மாற்றச் சொல்வேன். "12 மீட்டருக்குள் முடித்த ஒவ்வொரு டைவுக்கும் இவ்வளவு" என்று கேளுங்கள், அல்லது ஒரே தொகையாக வாங்குங்கள். பணம் குழுவில் ஒருவரின் கணக்கில் சேரக் கூடாது. கருவி வாங்கித் தரும் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கே நன்கொடையாளர் நேராக அனுப்பட்டும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பதிவு அதற்கு இருந்தால் ரசீதும் அதற்குரிய சான்றிதழும் அவர்கள் தருவார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு வரிக் கழிவு கிடையாது. புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை, அதை முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வராது. துபாய், லண்டன் உறவினர்களில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் கொடுப்பதானால் அந்த அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு இருக்க வேண்டும். படகு, சிலிண்டர், தங்கும் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்து. அந்தச் செலவு திரட்டும் பணத்தைவிட அதிகமாக வரும்போல் இருந்தால், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, அந்தப் பணத்தையே கொடுத்துவிடலாம்.

மிச்சம் சின்னச் சின்னவை. ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைக்காதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் கலங்கிக் கிடக்கும், படகும் போகாது. உங்கள் குழுவில் 11 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்கிறீர்கள். ஜூனியர் சான்றிதழுக்கு அந்த வயதில் 12 மீட்டர்தான் எல்லை, கூடவே டைவ் சான்றிதழ் உள்ள பெற்றோரோ இன்ஸ்ட்ரக்டரோ இருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, சமீபத்து அறுவை சிகிச்சை உள்ளவர்களும், 45 தாண்டியவர்களில் புகைப்பழக்கமோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்களும் மருத்துவப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து இல்லாமல் படகு ஏற வேண்டாம். உங்கள் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விலக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்கும். மாதத்தையும், படகுக்காரர் காட்டும் இடங்களின் ஆழத்தையும் எழுதினால், எந்த இடத்துக்கு யாரை எத்தனை பேராகப் பிரித்து இறக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.